மூக்குக் கண்ணாடியும் ராஜினாமா கடிதமும்: யதார்த்தப் படம் என்றால் என்ன?

கல்கத்தாவில் ஒரு நெருக்கடியான வீடு. ரிட்டையரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. குறுக்கெழுத்துப் போட்டி போடுவதுதான் அவருக்குப் பொழுது. பரிசு அடித்தால் வீட்டுக் கஷ்டம் தீரும் என்று ஒரு நப்பாசை. புதுக் கண்ணாடி வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகன் பாங்க் குமாஸ்தா. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கித் தரக் கையில் காசும் இல்லை. ஆகட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறான்.

சத்யஜித் ரே எடுத்து 1963-இல் வந்த 'மகாநகர்' படத்தின் தொடக்கம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கொலை இல்லை, துரோகம் இல்லை, தலைதெறிக்க ஓடும் ரயில் இல்லை. ஒரு மூக்குக் கண்ணாடி பாக்கி நிற்கிறது. யதார்த்தப் படம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கண்ணாடியைத்தான் காட்டுவேன். தமிழில் யதார்த்தவாதம் என்றும் நடப்பியல் என்றும் எழுதுகிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: அவார்டு படம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போட்ட காலத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே ஒரு சித்திரம் வரும். கறுப்பு வெள்ளை. பாட்டு கிடையாது. யாரோ ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு முடிந்த அசதியில் நமக்குக் கண் சொக்கும். அந்த நாட்களில் யதார்த்தம் என்றால் மெதுவாகப் போவது, ஏழைகளைக் காட்டுவது, அழுக்குச் சுவர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் போகும் படம் யதார்த்தமாக இருந்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஏழையைக் காட்டிவிட்டு அவன் வாழ்க்கையைப் பற்றி ஒன்றுமே தெரியாத படங்களும் எத்தனையோ உண்டு.

சரி, பின்னே எது யதார்த்தம்? எனக்குப் புரிந்தவரை அது ஒரு கணக்கு வழக்கு. படத்தில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு சரியாக இருக்க வேண்டும். ஒருவன் கோபப்பட்டால், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் நடந்துபோய்ப் பார்த்தால் ஒரு சம்பளக் கவரிலோ, ஒரு ஆறிப்போன டீயிலோ, தூங்காத ஒரு ராத்திரியிலோ போய் நிற்க வேண்டும். விதி, சாபம், வில்லன், தற்செயல் என்று எதன் தலையிலும் பழியைப் போட்டுத் தப்பித்துவிடக் கூடாது. அதிலும் கல்யாண வாழ்க்கையைப் பற்றிய கதையில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். புருஷன் பெண்டாட்டிக்குள் வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை காதல் குறைந்ததால் வருவதில்லை, காசு குறைந்ததால் வருகின்றன. சினிமா மட்டும் அதை ஒத்துக்கொள்ள ஏனோ வெட்கப்படும்.

'மகாநகர்' வெட்கப்படவில்லை. கண்ணாடி விஷயத்தையே தொடர்ந்து பார்க்கலாம்.

மகன் பெயர் சுப்ரதோ. அவன் மனைவி ஆரத்தி. பிண்ட்டு என்று ஒரு சின்னப் பையன், படித்துக்கொண்டிருக்கும் தங்கை, வயதான அம்மா அப்பா. எல்லோரும் ஒரே சம்பளத்தில். தெரிந்தவர் ஒருவரின் மனைவி வேலைக்குப் போகிறாள் என்று சுப்ரதோ பேச்சுவாக்கில் சொல்கிறான். அந்தப் பேச்சு ஆரத்தியின் மனதில் போய் விழுகிறது. நானும் போனால் என்ன? விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போடவும் அவனே உதவுகிறான். வேலை கிடைக்கிறது. பணக்கார வீடுகளுக்குப் போய், கதவைத் தட்டி, ஸ்வெட்டர் பின்னும் மிஷின் விற்க வேண்டும்.

வாத்தியார் மாமனாருக்கு இது பெரிய அடி. மருமகள் சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டுமா? முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்துகிறார். முதல் மாதச் சம்பளத்தில் மருமகள் கொண்டுவந்து நீட்டும் பணத்தை வாங்க மறுக்கிறார். கண்ணாடி மட்டும் வேண்டும். என்ன செய்வது? தன்னிடம் படித்த பழைய மாணவர்களை நினைக்கிறார். ஒருவன் பெரிய கண் டாக்டர். அவனிடம் போகிறார். அவனும் மரியாதையாக நடத்திக் கண்ணாடியைச் சும்மாவே தந்துவிடுகிறான். குருதட்சிணை மாதிரி. ருசி கண்ட பூனையாக அவர் மற்ற மாணவர்களையும் தேடிப் போகத் தொடங்குகிறார். மகன் கவனிப்பதில்லை என்று போன இடத்தில் புலம்புகிறார். உதவி என்பது மெல்ல மெல்லக் கையேந்தலாக மாறுகிறது. கடைசியில் ஒரு மாணவனின் வீட்டுப் படியேறும்போது மயங்கி விழுகிறார்.

இதை ஒருமுறை திருப்பி ஓட்டிப் பாருங்கள். படியில் விழுந்ததற்குக் காரணம் யாசகம் போனது. யாசகத்துக்குக் காரணம் மருமகள் காசைத் தொட மாட்டேன் என்ற வீம்பு. வீம்புக்குக் காரணம் அவர் வளர்ந்த காலம். மருமகள் வேலைக்குப் போனதற்குக் காரணம் சம்பளம் போதாதது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. யாரையும் கெட்டவர் என்று சொல்லவும் முடியவில்லை. மருமகள் பணத்தை உதறிவிட்டு மாணவனிடம் கை நீட்டும் கிழவர் மேல் எரிச்சல் வருகிறது. ஆனால் நம் வீட்டிலேயே அப்படி ஒரு தாத்தா இருந்திருப்பார் என்ற நினைவும் கூடவே வந்துவிடுகிறது.

வெளியுலகமும் இந்தக் கணக்கில் சேரும். யதார்த்தப் படத்தில் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரும் ஒரு வருஷமும் இருக்கும். 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நிலம் போச்சு, வீடு போச்சு, மத்தியதரக் குடும்பம் என்ற கௌரவம் மட்டும் மிஞ்சியது. அதுவரை வாசல்படி தாண்டாத பெண்கள் பலர் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். ஆரத்தி அவர்களில் ஒருத்தி.

அப்புறம் பாங்க். படத்தின் நடுவில் சுப்ரதோ வேலை பார்க்கும் பாங்க் திடீரென்று திவாலாகிறது. பணம் போட்டவர்கள் வாசலில் திரண்டு அவனையே அடிக்க வருகிறார்கள். இன்றைக்குப் பார்ப்பவருக்கு இது கதைக்காகச் செய்த திருப்பம் போலத் தோன்றலாம். அப்படி இல்லை. 1940-களின் கடைசியிலும் அதற்குப் பிறகும் வங்காளத்தில் சின்ன பாங்குகள் பல இப்படித்தான் மூடின. 1950-இல் நான்கு வங்காள பாங்குகளை ஒன்றாகச் சேர்த்து யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா உருவானது அந்தக் குழப்பக் காலத்தில்தான். போட்ட பணத்துக்கு இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு நம் நாட்டில் வந்தது 1962 ஜனவரி 1 அன்று. அதுவும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைக்கும்தான். ஆக, 1963-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் காட்சி கற்பனையாக இருந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கதையாக இருந்திருக்கும்.

காரணம் காட்டினால் மட்டும் படமாகிவிடாது. அப்படியானால் பட்ஜெட் அறிக்கையே நல்ல சினிமா ஆகியிருக்குமே. மனசுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிகிற ஒரு சாமானுக்குள் அடைப்பது யதார்த்தப் படத்தின் இன்னொரு வேலை. இதில் ரேயை மிஞ்ச ஆள் குறைவு. லிப்ஸ்டிக் ஒன்று போதும்.

ஆரத்தியோடு வேலை பார்ப்பவள் எடித், ஆங்கிலோ இந்தியப் பெண். ஒருநாள் தன் லிப்ஸ்டிக்கை ஆரத்திக்குக் கொடுத்துப் பூசிக்கொள்ளச் சொல்கிறாள். புடவைத் தலைப்பு நழுவாமல் வளர்ந்த ஆரத்திக்கு முதலில் கூச்சம். பிறகு பிடித்துப் போகிறது. வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வாள், வீடு திரும்பும்போது இருக்காது. முதல் சம்பளம் வாங்கிய அன்று கண்ணாடி முன்னால் நின்று, நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்க்கிறாள். நோட்டை மூக்கருகே கொண்டுபோய் வாசனை பார்க்கிறாள். ஆரத்தியாக நடித்த மாதவி முகர்ஜி அந்த இடத்தில் ஒரு வசனமும் பேசவில்லை. தன் பெயரில் வந்த முதல் காசைக் கையில் வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் அந்த முகம் புரியும்.

அந்த லிப்ஸ்டிக் பிறகு சுப்ரதோ கண்ணில் படுகிறது. அப்போது அவனுக்கு வேலை போய்விட்டது. பகலெல்லாம் கட்டிலில் கிடக்கிறான். மனைவி சம்பாதிக்கிறாள், மிடுக்காகப் பேசுகிறாள், தனக்குத் தெரியாத மனிதர்களோடு பழகுகிறாள். வேலை நிலைத்திருந்த நாட்களில் அந்த லிப்ஸ்டிக்கைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். இப்போது குத்தலாக ஏதோ சொல்கிறான். ஆரத்தி சண்டை போடவில்லை, அழுது புரளவில்லை. லிப்ஸ்டிக்கை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறாள். ஒரு பெண்ணின் புதுச் சுதந்திரம், ஒரு ஆணின் பயம், இருவருக்கும் நடுவில் மிச்சமிருக்கும் பிரியம் எல்லாம் விரல் நீளமே உள்ள அந்த ஒரு பொருளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதே விஷயத்தை வேறு விதமாகவும் காட்டலாம். கல்கத்தாவிலேயே ரேக்குச் சமகாலத்தவரான ரித்விக் கட்டக் 1960-இல் 'மேகே டாகா தாரா' எடுத்தார். அங்கேயும் குடும்பத்தைத் தாங்கும் பெண்தான் நாயகி. தான் நம்பியவன் தன்னைக் கைவிட்டது தெரிந்து அவள் மாடிப்படி இறங்கும்போது பின்னணியில் சாட்டை அடி விழும் சத்தம் கேட்கும். அங்கே யாரும் சாட்டை வைத்திருக்கவில்லை. அது அவள் மனதில் விழும் அடி. கட்டக் வலியைப் பெரிதாக்கி நம் காதில் அறைகிறார். ரே அதைச் சின்னதாக்கிக் கைப்பைக்குள் வைக்கிறார். எது உசத்தி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, எனக்குச் சாட்டைச் சத்தமும் பிடிக்கும். ஆனால் யதார்த்தவாதம் என்ற சொல் பொருந்துவது ரேயின் வழிக்குத்தான்.

இந்த வழி ரேக்கு எங்கிருந்து வந்தது என்றால் கொஞ்சம் இத்தாலியையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த இத்தாலியில் நியோரியலிசம் என்று ஒரு அலை கிளம்பியது. வேலைக்கு அவசியமான சைக்கிள் திருட்டுப் போய், அதைத் தேடி அலையும் ஒருவனின் கதையை விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்தார். 1950-இல் விளம்பரக் கம்பெனி வேலையாக லண்டன் போயிருந்த ரே அந்தப் படத்தைப் பார்த்தார். ஐந்து வருஷம் கழித்து அவருடைய முதல் படம் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. அங்கே சைக்கிள், இங்கே மூக்குக் கண்ணாடி. குடும்ப ஜாடை தெரிகிறதல்லவா?

இப்போது பலரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். யதார்த்தம் என்றால் உள்ளதை உள்ளபடி படம் பிடிப்பது, நிஜ வீட்டில் நிஜ வெளிச்சத்தில் எடுப்பது என்று நினைக்கிறோம். 'மகாநகர்' வீடு நிஜ வீடே இல்லை. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். வழக்கமாக செட் என்றாலே கல்யாண மண்டபம் மாதிரி அகலமாக இருக்கும், காமிரா தாராளமாகச் சுற்றி வரும். இவர் மத்தியதரக் குடும்பம் வாடகை கொடுத்துக் குடியிருக்கக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்ன அறைகளாகப் போட்டார். அதனால் ஒருவர் பேசும்போது பின்னால் கதவு நிலைக்குள் இன்னொருவர் தெரிகிறார். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றால் ராத்திரி ஆக வேண்டும், குரலும் தாழ வேண்டும். அந்த வீட்டில் இடம் இல்லை என்று வசனம் தேவைப்படவில்லை. சுவரே சொல்லிவிடுகிறது.

வெளிச்சமும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் பெயரும் சுப்ரதோதான், சுப்ரதோ மித்ரா. 1956-இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்குக் காசி வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார்கள். நிஜ முற்றத்தில் வானத்து வெளிச்சம் மேலிருந்து பரவலாக இறங்கும், கறுத்த நிழல் விழாது. ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் ஒவ்வொரு ஆளுக்கும் பின்னால் இரண்டு மூன்று நிழல் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். மித்ரா என்ன செய்தார் என்றால், செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கை அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் வானத்து வெளிச்சம் போலவே பரவியது. விளக்கைத் திருப்பி அடிக்கும் இந்த முறைதான் அதற்குப் பின் ரே படங்களின் வீடுகளை வீடாகக் காட்டியது. ஆக, நாம் நிஜம் என்று நம்புவது துணியும் பலகையும் ஆணியும் சேர்ந்தது. யதார்த்தமும் ஒரு வேலைப்பாடுதான், மற்றவற்றைவிட வேலை கூடுதல்.

ராஜினாமா கடிதத்துக்கு வருகிறேன். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் அது.

ஆரத்தி வேலைக்குப் போவதில் வீடே குலைகிறது என்று சுப்ரதோ ஒரு கட்டத்தில் முடிவு கட்டுகிறான். தான் இன்னொரு பகுதிநேர வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவளுக்கு ராஜினாமா கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறான். மனமே இல்லாமல் அவள் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறாள். அன்றைக்குத்தான் பாங்க் மூடுகிறது. அவள் கடிதத்தைக் கொடுப்பதற்குள் அவனிடமிருந்து போன் வருகிறது: வேலையை விட்டுவிடாதே. கடிதம் பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கடைசிக் காட்சிகளில் முதலாளி எடித்தை வேலையை விட்டு நீக்குகிறார். உடம்பு சரியில்லாமல் வராத நாட்களுக்கு அவள் நடத்தையைப் பற்றி வேறு கதை கட்டுகிறார். ஆங்கிலோ இந்தியப் பெண்கள் என்றாலே அவருக்கு ஒரு மட்டமான எண்ணம். இவரும் வில்லன் கிடையாது. ஆரத்தியிடம் கண்ணியமாக நடந்துகொள்பவர், சுப்ரதோவுக்கு வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பவர். நல்ல மனிதருக்குள் இப்படி ஒரு அசிங்கம். ஆரத்தி உள்ளே போய், எடித்திடம் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள். முடியாது என்கிறார், உன் வேலையை நீ பார் என்கிற தோரணையில். அவள் கைப்பையைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்து மேஜையில் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள்.

கடிதத்தை எழுதியவன் புருஷன், அவளை வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுவருவதற்காக. அதே காகிதத்தை அவள் தன் மானத்துக்காகச் செலவு செய்கிறாள். எழுத்து மாறவில்லை, அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

கீழே சுப்ரதோ காத்திருக்கிறான். அவளுக்கு அழுகை. கோபித்துக்கொள்வான் என்று பயப்படுகிறாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது வேலை கிடைக்காதா என்ற தெம்பில் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். காமிரா மேலே போகிறது. ஆபீஸ் விட்ட கூட்டத்தில் அவர்கள் கலந்து மறைகிறார்கள். தெருவிளக்கில் இரண்டு பல்புகள், ஒன்றுதான் எரிகிறது. அந்தப் பல்பை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முனிசிபாலிட்டி விளக்கு என்றால் ஒன்று எரியாமல் இருப்பதுதானே வழக்கம்.

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு மணி நேரமாகக் காலணா விடாமல் கணக்கு வைத்த படம் இந்த இடத்தில் கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது. லிப்ஸ்டிக்கைக்கூடத் தாங்க முடியாத மனிதன், இருந்த ஒரே சம்பளமும் போனதை இவ்வளவு சீக்கிரம் தாங்கிக்கொள்வானா? கதையின் மூலம் நரேந்திரநாத் மித்ராவின் சிறுகதை, 'அவதரணிகா' என்று பெயர். அதைப் படமாக்கிய ரே இந்த இருவர் மேல் பிரியப்பட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. இந்தப் படத்துக்காக 1964 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி அவருக்குக் கிடைத்தது, அங்கே யாருக்கும் இந்த முடிவு உறுத்தவில்லை போலும்.

இருந்தாலும் அவர் முழுக்க ஏமாற்றிவிடவில்லை. படம் தெருவில் முடிகிறது, வீட்டில் முடியவில்லை. அந்த இருவரும் டிராம் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும். அங்கே பிண்ட்டு இன்றைக்கு என்ன பொம்மை என்று கையைப் பார்ப்பான். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இப்போது மருமகளின் சம்பளத்தோடு சமாதானமாகிவிட்ட வாத்தியார் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யார் முதலில் சொல்வது?